மூன்றாவது சோடிக்குத் தண்ணீர்

"மொதல்ல தண்ணியக் காட்டுங்க தம்பி. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

வாசலில் நின்ற பெரியவர் செருப்பைக் கழற்றும் முன்பே இதைத்தான் சொன்னார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, முகத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை. வந்திருப்பது யார் என்று விஜேந்திரனுக்கு உடனே விளங்கிவிட்டது.

பதுளையில் அலங்கார மீன் விற்கும் நப்ரீஸ் நானா நேற்றே போனில் கறாராகச் சொல்லியிருந்தார். "ரெண்டு சோடி ஏஞ்சல் மீன சாவடிச்சிட்டீங்க. மூணாவது சோடி வேணுமெண்டா எங்கட ஆள் வந்து ஒங்கட ஊட்டுத் தண்ணிய பாக்கோணும். பாக்காம குடுக்க மாட்டன்."

"நானா அனுப்பின ஆளுங்களா? வாங்க ஐயா, வாங்க" என்றான் விஜேந்திரன். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே வந்தார்.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்ட லயத்தில், மலையூற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் விஜேந்திரன். வீடுகளுக்கு வயரிங் செய்யும் வேலைக்காகத் தாயோடு மொனராகலைக்கு வந்தான். கரண்டை நம்பலாம், மொனராகலைக் கிணற்றுத் தண்ணீரை நம்ப முடியாது. முதல் சோடி மீன் அதில்தான் செத்தது.

கடைப் போத்தல் தண்ணீர் ஊற்றலாம் என்று பார்த்தான். தொட்டி நிறையும் முன்பு சம்பளம் வற்றிவிடும். கராஜ் வைத்திருக்கும் கூட்டாளி ஒருவன், கார் பெற்றறிக்கு ஊற்றுகிற தண்ணீரை விடச் சுத்தமானது உலகத்திலேயே இல்லை என்றான். அதை நம்பி ஊற்றியதில் இரண்டாவது சோடியும் மிதந்தது.

இந்த முறை மீன் வராவிட்டால் தொட்டியில் வெங்காயம் கொட்டி வைப்பேன் என்று தாய் ரெங்கம்மா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற மனுஷி.

"இப்ப என்னா தண்ணி?" என்றார் பெரியவர்.

"ஊர்ச் சங்கத்து பில்டர் தண்ணிங்க. நம்ம கேனக் கொண்டுபோய் புடிச்சுக்கலாம், வெல கொறைவு. அதுல பாதி, கெணத்துத் தண்ணி பாதி கலக்கணும். ரொம்பச் சுத்தமா இருந்தாலும் மீனுக்கு ஒத்துக்காதாம்."

"பில்டர்னு போர்டு போட்டா சுத்தமாயிருமா? போர்டு எழுதுனது யாரு? விக்கிறவன்தானே."

விஜேந்திரன் இரண்டு கேத்தல்களைக் கொண்டுவந்து வைத்தான். கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலின் அடியில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைக் கல் படிந்திருந்தது. பில்டர் தண்ணீர் கொதித்த கேத்தலில் முகம் பார்க்கலாம்.

பெரியவர் இரண்டிலும் கைவிட்டு நகத்தால் சுரண்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தொட்டிப் பக்கம் மட்டும் அவர் தலையைத் திருப்பவே இல்லை.

"கேன யாரு தூக்குறது?"

"நான்தாங்க. வெள்ளனவே பைக்குல போய் எடுத்தாந்துருவேன்."

"வேலன்னு வெளியூருக்குப் போயிட்டா?"

"எல்லாக் கேனையும் நெரப்பி வச்சுட்டுத்தான் போவேன். அம்மாவுக்கு இடுப்பு வலி, தூக்க விடுறதில்ல."

"இடுப்பு வலி எனக்கில்லண்ணே" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "மீனுக்குத் தண்ணி தூக்கித் தூக்கி அவனுக்குத்தான் வந்திருக்கு. சொல்ல வெக்கப்படுறான்."

பெரியவரின் மீசை லேசாக அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். "மீனுக்கு மட்டுந்தானா, நீங்க குடிக்கிறதும் இதானா?"

"குடிக்க, சமைக்க எல்லாமே இதாங்க. வீட்டுக்கு எடுத்தது போக மிச்சந்தான் மீனுக்கு."

"அம்மாகாரி சொல்லட்டும்" என்றார் பெரியவர். பிள்ளைகள் சொல்வதை நம்புகிற ஆள் இல்லை போலிருக்கிறது.

ரெங்கம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். "அதுல பொய் இல்லண்ணே. எனக்கு ஊத்தி வச்சுட்டுத்தான் மீனுக்கு ஊத்துவான். ஆனா பேசுறது பூராவும் மீனுகிட்டதான்."

"எனக்கும் ஒரு கிளாஸ் குடுங்க தங்கச்சி."

தண்ணீரை வாங்கி, ஒரு வாய் குடித்து, நாக்கில் உருட்டிப் பார்த்தார். "பீலித் தண்ணி ருசி இல்ல."

"கல்லும் இல்லைங்க" என்றான் விஜேந்திரன். "தண்ணி பாஸுங்களா? மூணாவது சோடி கெடைக்குமா?"

பெரியவர் மிச்சத் தண்ணீரையும் குடித்தார். அந்த நேரம் பார்த்து விஜேந்திரனின் போன் அடித்தது. நப்ரீஸ் நானா.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. எங்கட ஆளுக்கு காய்ச்சல், இண்டைக்கு வரல்ல. நாளைக்கு அனுப்புறன்."

விஜேந்திரன் போனைக் கீழே வைத்தான். பெரியவரை மேலும் கீழும் பார்த்தான். "மீன் கடை ஆளு இன்னும் பதுளையிலதான் இருக்காராம். அப்ப ஐயா, நீங்க?"

"ஊரு ஹாலிஎல. பேரு வீரய்யா." பெரியவர் காலிக் கிளாஸை ரெங்கம்மாவிடம் நீட்டினார். "நீங்களாத்தான் என்னைய மீனுக்காரனாக்குனீங்க. அதுவும் நல்லதுன்னு விட்டுட்டேன். மீனுக்காரன்கிட்ட எவனும் பொய் சொல்ல மாட்டான்."

"எதுக்குங்க வந்தீங்க?"

"இந்த வீட்டுல நல்ல தண்ணி இருக்குன்னு கல்யாணத் தரகர் சொன்னத நான் நம்பல மாப்பிள்ளை. எம் மகளப் பாக்க எப்ப வர்றீங்க?"