குரல்வளை

பாதிரி ஐயர் கிண்ணத்தை உயர்த்தினார்.

அவள் கண் கிண்ணத்தில் இல்லை. அவர் குரல்வளையில் இருந்தது.

விழுங்கினால் அது ஏறி இறங்க வேண்டும். போன மாதத் திருவிருந்தில் ஏறவில்லை. அதற்கு முந்தைய மாதமும் இல்லை. கிண்ணம் உதட்டுக்குப் போகும், லேசாகச் சாயும், அவ்வளவுதான். மிச்சத் திராட்சை ரசத்தைக் குருவானவரே குடித்துத் தீர்க்க வேண்டும் என்பது முறை. புதிதாக வந்திருக்கும் நெகேமியா ஐயரோ அதை மணியடிக்கிற யோபுவிடம் நீட்டிவிடுவார். யோபுவுக்கென்ன, கொண்டாட்டம்.

அந்த ரசம் அவள் செய்தது.

மாமியாருக்குப் பிறகு அவள் கைக்கு வந்த ஊழியம். கருப்புத் திராட்சையை நசுக்கி, சீனியும் கிராம்பும் சேர்த்து, பெரிய ஊறுகாய் ஜாடியில் நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, இருட்டறையில் வாரக்கணக்கில் ஊறவைப்பாள். முன்பிருந்த ஐயர்மார் பீடத்தில் நின்று சப்புக்கொட்டாத குறைதான். இவருக்கு மட்டும் இறங்கவில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். அவர் வேறு சாதி; அவள் கைபட்டது ஆகாது.

வீட்டு ஜெபத்துக்கு வந்தபோது அவள் சுட்ட முறுக்கைத் தின்றார்தான். அது கணக்கில் சேராது. எண்ணெயில் வெந்ததைத் தின்றுவிட்டுத் தண்ணீரைத் தொடாமல் போன ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். பிரசங்கத்தில் மட்டும் எல்லோரும் ஒரே சரீரம்.

சந்தேகப்படுவதில் அவள் கெட்டி. ஜாடியில் ரசம் குறைகிறது என்று, பாத்திரம் கழுவ வந்த பெண்ணையே வேலையிலிருந்து நிறுத்தியவள். நிறுத்திய பிறகும் குறைந்தது. கோடை குடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஐயர் விஷயத்தை விடவில்லை. சபைக் கமிட்டியில் சொன்னாள். பேராயருக்கு எழுதிவிடலாம் என்று எல்லோரும் கொதித்தார்கள். அவள் கணவர் மனாசே மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். பல்வலி என்று கிராம்பை மென்றுகொண்டு கிடப்பார்.

இன்றைக்குக் கோயிலே அவள் பார்க்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐயருக்கும் சேதி எட்டியிருக்க வேண்டும்.

கிண்ணம் உதடுவரை போனது.

நின்றது.

கீழே இறங்கியது.

அதைப் பீடத்தில் வைத்துவிட்டுச் சபையைப் பார்த்துத் திரும்பினார்.

“நான் குடிகாரனா இருந்தவன். ஒரு சொட்டு உள்ள போனாலும் திரும்ப அந்த ஆளாயிருவேன். அதச் சொல்லப் பயந்து, இந்தப் பீடத்துல நின்னு குடிக்கிற மாதிரி நடிச்சேன். இப்படி ஒரு ஐயர் வேண்டாம்னா சொல்லுங்க, போயிருதேன்.”

கமிட்டிச் செயலாளர் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார்.

அவளுக்கு முகம் எரிந்தது. நன்றாக ஜோடிக்கிறார் மனிதர் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் சாதி பார்ப்பதை மறைக்க எவனாவது தன்னைக் குடிகாரன் என்று சொல்லிக்கொள்வானா? அந்த இடத்தில் அவள் சந்தேகம் முட்டிக்கொண்டு நின்றது.

ஐயர் அப்பத்தை மட்டும் உட்கொண்டார். பிறகு சபையாரை அழைத்தார்.

புருஷனும் பெண்சாதியும் அருகருகே மண்டியிடுவது அந்தச் சபையின் வழக்கம். மனாசே மண்டியிட்டார். பக்கத்தில் அவள். அவரிடமிருந்து கிராம்பு மணம் வந்தது.

கிண்ணம் முதலில் அவரிடம் போனது.

பழக்கதோஷம், அவள் கண் அவர் குரல்வளைக்குப் போனது.

அது அசையவில்லை.

மனாசே உதட்டை இறுக மூடியிருந்தார். கண்ணோரம் நனைந்திருந்தது. கிண்ணத்தை விரல் நுனியால் மெல்ல விலக்கினார்.

அவளுக்கு ஜாடி ஞாபகம் வந்தது. அவள் கட்டியது போலவே துணியைத் திரும்பக் கட்டிவைக்க அந்த வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்? அழுதுகொண்டே படியிறங்கிப் போன அந்தப் பெண்ணும் ஞாபகத்துக்கு வந்தாள்.

ஊரார் தொண்டையையெல்லாம் பார்த்தவள், பக்கத்துத் தலையணையில் கிடந்த தொண்டையைப் பார்க்காமல் போனாளே.

கிண்ணம் அவளிடம் வந்தது. அவள் செய்த ரசம். அந்த மணம் அவளுக்குப் புதிதில்லை. எத்தனையோ இரவு அதைப் பல்வலி மருந்து என்று நம்பிப் படுத்திருக்கிறாள்.

அவளும் வாயைத் திறக்கவில்லை.

ஐயர் அவள் குரல்வளையைப் பார்க்கவில்லை. கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.