அம்மா பக்கத்து வினை

"எல்லாம் உன் பக்கத்துலேர்ந்து வந்த வினை!"

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. "ஆமாம்மா. என் பக்கம்தான். தூரத்துப் பெரியம்மா ஒருத்திக்கு இருந்துச்சு."

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவள். மார்பகப் புற்றுநோய் வர வாய்ப்புள்ள மரபணுக் கோளாறு அவளுக்கு இருப்பதாகப் போன மாதம் டாக்டர் சொன்னார். நோய் வரவில்லை, வராமலே போகலாம். ஆனால் அந்தக் கோளாறு அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்துதான் வந்திருக்கும் என்றார்.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. கடையில் வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிவிட்டுத் திருதிருவென்று முழித்தாள். நான் நோயாளியா, இல்லையா? அழணுமா, வேலையைப் பார்க்கணுமா? கோபப்படுவது மட்டும்தான் சுலபமாக வந்தது.

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லலை?"

"தோணலை."

"தோணலையா? என் உயிர் உனக்கு அவ்வளவு இளக்காரமா?"

கூடத்திலிருந்து அப்பா ஓடிவந்தார். "ஏம்மா அவளை இப்படி வறுத்தெடுக்கறே? அவ என்ன வேணும்னேவா கொடுத்தா?" மகள் தலையைத் தடவினார். "என்கிட்டேர்ந்து வந்திருந்தா நான் இந்நேரம் செத்தே போயிருப்பேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்குப் போய்விட்டார்.

மகள் குரலைத் தணித்தாள். "நீயும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கோம்மா. உனக்கும் ஆபத்துதானே?"

"பண்ணிட்டேன்."

"எப்போ?"

"டாக்டர் உனக்குச் சொன்ன மறுநாளே. எனக்கு இல்லையாம்."

"இல்லைன்னா? அப்போ அந்தப் பெரியம்மா?"

"டெஸ்ட் முடிவு வந்தப்புறம்தான் அந்தப் பெரியம்மாவே பிறந்தா."

மகளுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. மெல்லக் கூடத்துப் பக்கம் பார்த்தாள். அப்பாவோடு பிறந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை, அதனால் சந்தேகமும் வந்ததில்லை.

"அவருக்கும் தெரியணுமேம்மா..."

"தெரியணும். அவரும் உடம்பைப் பார்த்துக்கணும் இல்லையா? வர்ற திங்கட்கிழமை டாக்டரே பக்குவமா சொல்றேன்னிருக்கார்."

"அதுவரைக்கும் நான் என்னம்மா பண்றது?"

அம்மா அடுத்த பாத்திரத்தைக் கையில் எடுத்தாள்.

"என்னைத் திட்டு. அவர் காதுல விழற மாதிரி கொஞ்சம் சத்தமாவே திட்டு."