முதல் ஊசி

"பார்த்தியா, மீன் டாக்டரம்மா வண்டி நம்ம வாசல்ல நிக்காம நேரா சகலை குளத்துக்குப் போகுது!"

"பார்த்தேன். அதுக்கென்ன இப்போ?" என்றாள் மனைவி.

"அதுக்கென்னவா? முதல்ல உங்க குளம்தான்னு அந்தம்மாவே போன்ல சொன்னாங்க. நடுவுல யாரோ புகுந்து வேலை பார்த்திருக்காங்க."

அந்த 'யாரோ', அவளுடைய அக்கா கணவர்.

அக்காவைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை, தங்கையைக் கட்டியவர் சின்ன மாப்பிள்ளை. அடுத்தடுத்து மீன் பண்ணை. நடுவில் ஒரு வரப்புதான்.

போன வருஷம் தண்ணீரில் பரவிய பாக்டீரியா நோய், இரண்டு பண்ணையையும் துடைத்து எடுத்துவிட்டது. கண் பிதுங்கி, வட்டமடித்து, கொத்துக் கொத்தாக மிதந்தன மீன்கள். இந்த வருஷம்தான் அதற்குத் தடுப்பூசி வந்திருந்தது.

சின்ன மாப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரப்பில் போய் நின்றார்.

அந்தப் பக்கம், வலையில் அள்ளிய மீன் குஞ்சுகளை மயக்க மருந்துத் தொட்டியில் போட்டார்கள். மயங்கியதும் ஒவ்வொன்றாக எடுத்து, வயிற்றில் சுருக்கென்று ஒரு ஊசி. மறுபடியும் நல்ல தண்ணீர்.

"வாங்க சகலை! கிட்ட வந்து பாருங்க" என்று கூப்பிட்டார் பெரிய மாப்பிள்ளை.

"இருக்கட்டும், இருக்கட்டும். எப்பவும் முதல் ஆளு நீங்கதானே. நடக்கட்டும்."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டரம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை மென்று விழுங்கினார்.

'குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்' என்று நினைத்துக்கொண்டார் சின்னவர்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை.

"மருந்து கொஞ்சமாத்தான் வந்திருக்கும். மனுஷன் அமுக்கிட்டாரு."

"அத்தான் அப்படிப்பட்டவர் இல்ல."

"உனக்குத் தெரியாது. உங்கப்பா வீட்டுலயும் முதல் காபி அவருக்குத்தான். எனக்கு ஆறிப்போனது."

"நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள காபி மட்டுமா ஆறும்?"

அவளிடம் பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டார்.

ஆனால் அன்று முதல் அவருக்குச் சீக்கிரமே விழிப்பு வந்தது. வாயில் பிரஷ்ஷோடு வரப்புக்குப் போவார். சகலை குளத்தை எட்டிப் பார்ப்பார்.

ஒண்ணு ரெண்டாவது மிதக்காதா?

ஒரு காலை, ஓரத்தில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. அவருக்கு உள்ளுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம். கிட்டப் போய்ப் பார்த்தால், தீவன டப்பா மூடி.

"என்ன சகலை, தேடுறீங்க?" எதிர்க்கரையிலிருந்து குரல்.

"ஒண்ணுமில்ல. சும்மா நடந்து வந்தேன்."

"அப்படியே அங்க இருக்கிற தீவனத்தை வீசுங்களேன். எப்படித் துள்ளுதுங்க பாருங்க!"

வீசினார். நிஜமாகவே துள்ளின. ஒவ்வொரு துள்ளலும் அவர் கன்னத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது.

அடுத்த சில வாரங்களில் சகலை மீன்கள் கொழுகொழுவென்று ஆகிவிட்டன. ஒன்றுகூட மிதக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மாவின் வண்டி சின்ன மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றது.

"இப்பத்தான் எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா மேடம்?"

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தார். "ஏன் சார்?"

"அவருக்கு முதல் மரியாதை, எங்களுக்கு மிச்சம் மீதியா? எங்க குளத்துல ஆரம்பிக்கிறதாச் சொல்லிட்டு, ஏன் மாத்துனீங்க? அவர்தானே வந்து கேட்டாரு?"

"ஆமா. அவர்தான் கேட்டார்."

"நான் சொல்லல?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை குனிந்தாள்.

டாக்டரம்மா மாட்டிய கையுறையைக் கழற்றினார்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தார். ஆனா, அவருக்கு இப்படி ஒரு கெட்ட பேர் வரக் கூடாது. அன்னிக்கு வழியிலேயே வண்டியை நிறுத்தி, 'குஞ்சுங்க இந்த ஊசியைத் தாங்குமா'ன்னு கேட்டார். 'மத்த இடத்துல நல்லாத் தாங்குச்சு, இந்தத் தண்ணியில இப்பத்தான் முதல் தடவை, போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்'னேன்."

"அதுக்கு?"

"'போன வருஷம் மீனெல்லாம் மிதந்தப்ப, என் சகலை கரையில தனியா உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். இன்னொரு தடவை அவர் தாங்க மாட்டார். முதல் ஊசியை என் மீனுக்கே போடுங்க. செத்தா அதுங்க சாகட்டும்'னார்."