சல்லடை எலும்பு

இரும்பு பீரோவைத் தோளால் முட்டி, ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, அதன் பின்னால் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள் எலும்பு மெலிந்த மனைவி. மூன்றாம் மாடி வராந்தாவில், சொந்த வீட்டு ஜன்னலுக்குக் கீழே திருடனைப் போலக் குத்த வைத்து, கணவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'மாட்டிக்கிட்டியாடி மகராசி!' என்று மனசுக்குள் கூவினார். கொஞ்ச நாளாகவே அவருக்கு அவள் மேல் ஒரு சந்தேகம். தலைவலி என்று, வேலை பார்க்கும் ரயில்வே டிக்கெட் கவுன்டரில் பொய் சொல்லிவிட்டு, பட்டப்பகலில் ஓடி வந்தது வீண் போகவில்லை.

பின்னே, வயிறு எரியாதா? போன வருடம் இலவசப் பரிசோதனை என்று கேள்விப்பட்டு, இரண்டு பேருமே போய் எலும்பு பார்க்கும் மெஷினில் படுத்து எழுந்தார்கள். டாக்டரம்மா கூப்பிட்ட நேரத்தில் இவர் கீழே காபி குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தால், மனைவி பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு எலும்பு மெலிஞ்சு போச்சாம்ங்க. உள்ள சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்காம். விழுந்தா பட்டுனு முறிஞ்சிடுமாம்."

"நீ ஏன்டி பயப்படுற? நான் எதுக்கு இருக்கேன்? இனிமே ஒரு துரும்பைக்கூட நீ எடுக்கக் கூடாது!" என்று அன்றைக்கு மார்தட்டினார். இத்தனைக்கும், லேசான ரத்த அழுத்தம் என்று யாரோ சொன்னதற்கு ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்காமல், 'என் சைக்கிளைத் தம்பிக்குக் குடுத்துடு' என்று உயில் சொன்ன மாவீரர் அவர்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். கடைக்குப் போவது, பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவது, பெருக்குவது, துடைப்பது எல்லாம் அவர் தலையில் விழுந்தது. காலை வெயிலில் அவள் நடக்க வேண்டுமாம். "தடுக்கி விழுந்தா யாரு பிடிப்பா?" என்று அவரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

சாப்பாட்டிலும் நிம்மதி இல்லை. பாலும் முட்டையும் கீரையும் அவள் தட்டில் இருந்தால் அவர் தட்டிலும் இருந்தது. மாத்திரைக்குக்கூடத் துணை வேண்டுமாம்! "தனியா முழுங்க பயமா இருக்கு, நீங்களும் ஒண்ணு போட்டுக்குங்க. சத்து மாத்திரைதானே" என்று கெஞ்சினாள். சிகரெட் வாடை ஆகவில்லை என்றாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு அதையும் விட்டார்.

இவ்வளவும் செய்தவர் கண் முன்னால்தான் இப்போது பீரோ நகர்ந்திருந்தது. தடாலென்று கதவைத் திறந்தார்.

"அடிப்பாவி! எலும்பு சல்லடைன்னு சொல்லிட்டு மல்யுத்தம் பண்றியா? ஒரு வருஷமா என்னை வேலைக்காரனாக்கிட்டியே! கிளம்பு டாக்டர்கிட்ட. உன் குட்டு உடையட்டும்!"

அவள் அசரவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "நானும் இந்த வாரம் போகணும்னுதான் இருந்தேன்."

மருத்துவமனையில் மறுபடியும் அதே மெஷின். "முதல்ல நீங்க படுங்க, அப்பதான் எனக்குத் தைரியம் வரும்" என்றாள். 'நடிப்பு இன்னும் முடியலையா?' என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்து எழுந்தார்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பிரமாதம்! எலும்பு நல்லா தேறிட்டு வருது. நடை, வெயில், மாத்திரை எதையும் விடல போல. பயந்துக்கிட்டுப் படுத்தே கிடந்திருந்தா இன்னும் மோசமா போயிருக்கும்."

"தேறுறதாவது! இவளுக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர்!" மேஜையைத் தட்டினார் கணவர். "இன்னிக்கு ஒத்தையா பீரோவை நகர்த்தினா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். அத்தனையும் நடிப்பு! ஆமாவா இல்லையா, நீங்களே சொல்லுங்க!"

டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா. நடிப்புதான்" என்றார் டாக்டரம்மா.

கணவருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "கேட்டியா? நாளையிலேருந்து துடைப்பம் உன் கையில! நான் காலை நீட்டிப் படுத்து ஒரு வருஷத் தூக்கத்தையும் தூங்கப்போறேன்!"

"அது மட்டும் கூடாது" என்று சிரித்த டாக்டரம்மா, "இனிமே தாங்குவாரு, சொல்லிடுங்கம்மா" என்றார்.

மனைவி முதலில் அவரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தமாக உட்கார வைத்தாள். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு.

"எலும்பு மெலிஞ்சது உங்களுக்குத்தாங்க."