பதினெட்டு லட்சத்துப் பெண்

மாப்பிள்ளை வீட்டார் மூன்று வேனில் வந்தார்கள். இரண்டு வேனில் ஆட்கள். மூன்றாவதில் அவர்களுடைய பெருமை வந்திருக்க வேண்டும்; அதிலிருந்து யாரும் இறங்கக் காணோம்.

கட்டுகஸ்தோட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் மஹ்மூத் வாசலுக்கே ஓடினார். அவருக்கு ஜஹானா ஒரே மகள்.

"வாங்க ஹாஜியார், வாங்க! இருங்க!"

இன்ஷாப் ஹாஜியாருக்கு மடவளையில் இரண்டு துணிக்கடை. ஒன்றை மகன் இப்ஹாம் பார்க்கிறான். அவன்தான் மாப்பிள்ளை. சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் மஹ்மூதின் மூத்த சகோதரர் அகீல் நானா.

கட்லட் தட்டு காலியானதும் ஹாஜியார் விஷயத்துக்கு வந்தார்.

"மகள் என்ன படிக்கிறா?"

"அரசியல் விஞ்ஞானம். பேராதனை யுனிவர்சிட்டிக்கு வெட்டுப்புள்ளி மயிரிழையில தவறிப்போச்சு. அதால டவுன்ல பிரைவேட் கெம்பஸ். இது கடைசி வருஷம்."

"மாஷா அல்லாஹ்! விஞ்ஞானம் எண்டா லெப்லயா வேலை?" என்றார் ஹாஜியாரின் மனைவி.

"இல்ல ராத்தா. அரசாங்கம் எப்படி நடக்குது எண்டு படிக்கிறது."

"அதத்தான் சாமான் வாங்கப் போற நேரமெல்லாம் பாக்கிறோமே! அதுக்கு ஏன் ஒரு பட்டம்?"

எல்லாரும் சிரித்தார்கள். மஹ்மூத் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். குசினி வாசலில் நின்ற ஜஹானா தலையைக் குனிந்துகொண்டாள்.

"படிச்சது போதும்," என்றார் ஹாஜியார். "நோன்புக்கு முந்தி நிகாஹ்வ வச்சிடுவோம். எங்கட ஊட்டுப் பொம்பிளைகள் கெம்பஸுக்கோ வேலைக்கோ போறதில்ல."

"அப்ப கடைசிப் பரீட்சை?" ஜஹானாவின் உம்மா றம்லத் மெல்லக் கேட்டாள்.

"சோறாக்கிறதுக்கு யாரும் பரீட்சை வைக்கிறதில்ல, தங்கச்சி," என்றார் ஹாஜியாரின் மனைவி.

மஹ்மூத் தொண்டையைச் செருமினார். "கைக்கூலி விஷயம்..."

கைக்கூலி என்பது மாப்பிள்ளையின் விலை. பெண் வீட்டார் ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஹாஜியார் காதைப் பொத்தாத குறைதான்.

"அஸ்தஃபிருல்லாஹ்! கைக்கூலி ஹராம். நாங்க ஒரு சதம் கேக்க மாட்டோம். ஓங்கட மகளுக்கு நீங்க விரும்பினதச் செய்யுங்க. ஊடு, கார், அதெல்லாம் ஓங்கட விருப்பம்."

"அப்ப சரி ஹாஜியார். அவட பேருல உள்ளதெல்லாம் அவளோடயே வரும்."

"என்ன இருக்கு அவட பேருல?"

"பதினெட்டு லட்சம். பேங்குல."

ஹாஜியாரின் மனைவி இரண்டாவது வட்டிலப்பக் கிண்ணத்தை எடுத்தார். "ஃபிக்ஸ்ட் டெபொசிட்டா?"

"கடன்."

கரண்டி பாதி வழியில் நின்றது.

"படிப்புக்கு எடுத்த கடன், ராத்தா. அவ கட்டணும். அவவால ஏலாட்டி அவட புருஷன் கட்டணும்."

ஹாஜியார் சட்டென்று மார்க்கத்தைப் பிடித்துக்கொண்டார். "நாங்க வட்டியில கை வைக்கிற ஆக்கள் இல்ல, மஹ்மூத்."

"வட்டியே இல்லாத கடன் ஹாஜியார்! சுத்த ஹலால். பயப்படாமக் கூட்டிட்டுப் போங்க."

இப்ஹாம் அப்போதுதான் வாய் திறந்தான். "அவ உழைச்சுக் கட்ட மாட்டாவா?"

"வேலைக்கு விட மாட்டோம் எண்டு வாப்பா சொல்றாரே, தம்பி. விட்டாலும் என்ன? இந்தப் படிப்புக்கு வேலை கேட்டு நாலு வருஷம் கொழும்புல ஊர்வலம் போகணும். கண்ணீர்ப்புகை இனாம், பஸ் காசு நாங்கதான். அதுக்குப் பிறகு அரசாங்கக் கச்சேரியில ஒரு கிளார்க் கதிரை கிடைக்கும். சம்பளத்துல பாதியக் கடனுக்குக் கட்டினா, ஓங்கட பேரப்புள்ளைட கலியாணத்துக்கு முந்தி முடிச்சிடலாம்."

றம்லத் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னேன், இந்த நாசமாப் போன படிப்பு வேணாம் எண்டு! இனி என்ட புள்ளைய யாரு கட்டுவா?" முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

ஹாஜியாருக்குத் திடீரென்று அஸர் தொழுகை ஞாபகம் வந்தது. பாங்கு சொல்ல இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. ஆனாலும் எழும்பிவிட்டார். மூன்றாவது வேன்தான் முதலில் கிளம்பியது.

மஹ்மூத் உடனே அகீல் நானாவுக்கு டெலிபோன் எடுத்தார்.

"நானா, நீங்க கொண்டுவந்த சம்பந்தத்த நான் வேணாம் எண்டு சொல்லுவேனா? அவங்கதான் எழும்பிப் போயிட்டாங்க... ஓம் நானா, எல்லாம் இந்தப் படிப்பால வந்த வினை... ஏசுங்க, நல்லா ஏசுங்க."

பெண் வீட்டார் வேண்டாம் என்றால் அது திமிர். ஊர் பத்து வருஷம் பேசும். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றால் அல்லாஹ்வின் நாட்டம். யாரும் ஒன்றும் பேச முடியாது.

அவர் டெலிபோனை வைத்ததும் றம்லத் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். இத்தனை நேரமும் அடக்கிய சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் கூடுதலா அழுதுட்டேனா?"

"நல்லாத்தான் இருந்திச்சு உம்மா," என்றாள் ஜஹானா. "ஆனா வாப்பா, கெம்பஸ் காசு முழுக்க நீங்கதானே கட்டினீங்க. நாங்க ஒரு சதம் கடன் எடுக்கல. போன மாசம் என்னப் பாக்க வந்த கம்பளைக்காரங்களுக்கு எட்டு லட்சம்தானே சொன்னீங்க? இப்ப ஏன் ஒரேயடியாப் பதினெட்டு?"

மஹ்மூத் கதிரையில் சாய்ந்தார்.

"எட்டு லட்சம் எண்டா, வேணாம் எண்டு சொன்ன கைக்கூலியில அதக் கழிச்சுக்கிறோம் எண்டு நிக்கிறாங்களே, மகள்!"