பூட்டியாச்சு

ஷகீல் வழக்கம்போலப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தான்.

மூன்று வருடமாக இதே கூத்து. கட்டியவளுக்குத் தெரியக்கூடாத ரகசியம் அப்படி என்னதான் இருக்குமோ! ஆரிபாவுக்கு வயிறு எரியும். ஆனாலும் கேட்கமாட்டாள்.

இன்றைக்கு எரியவும் நேரமில்லை. நான்கு மணிக்குள் பரீட்சை வேலையை அனுப்பியாக வேண்டும். தேறினால் சென்னைக் கம்பெனி வேலை, திருமலைராயன்பட்டினத்து வீட்டில் இருந்தபடியே.

கம்பெனி கொடுத்த புரோகிராமை அவள் திருத்தியாயிற்று. அது சரிதானா என்று கம்ப்யூட்டரே பார்க்கும் நாற்பது சோதனைகளில் முப்பத்தொன்பது பச்சை. கடைசி ஒன்று சிவப்பாக முறைத்தது.

“‘சரி’ன்னு ஒரு வரி எழுதினா பச்சையாயிடும்னியே. எழுதித் தொலையேன் புள்ள,” என்றான், மீன் ஆணத்தைப் பிசைந்துகொண்டே.

“அந்தச் ‘சரி’தான் மச்சான் பொய்யே. இங்க வாங்க, காட்டுறேன்.”

ஒரு பழைய டிஸ்க்கைச் செருகினாள். அதிலிருந்த ஒரு கோப்பை யார் யார் திறக்கலாம் என்ற பட்டியலில் தன் பெயரை மட்டும் போட்டாள். அந்த மாதிரி டிஸ்க்கில் பட்டியலை வைக்க இடமே கிடையாது. கிடையாது என்று சொல்லவேண்டியதுதானே? சொன்னால்தானே! திருத்தாத பழைய புரோகிராம் சமர்த்தாக ‘பூட்டியாச்சு’ என்றது.

பிறகு ஷகீல் பெயரில் நுழைந்து அதே கோப்பைத் தட்டினாள். ஈ என்று திறந்துகொண்டது.

‘இங்கே பூட்டு கிடையாது’ என்று உண்மையைச் சொல்லும் வரியை அவள் எழுதிவிட்டாள். சோதனைதான் பழைய பொய்யே வேண்டும் என்று அடம்பிடித்தது.

ஷகீலின் எச்சில் கை காய்ந்துவிட்டது. “அந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரும் இப்படித்தானா?” என்றான்.

அங்கேயும் இதே மாதிரிப் பழைய டிஸ்க்தான். அவளுக்கே இன்று காலையில்தான் உறைத்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஆரிபாவுக்கு அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை. ஷகீலுக்குப் பிள்ளை பிறக்க வழியில்லை என்ற ரிப்போர்ட்டை அவள்தான் தன் கையால் பூட்டினாள். பூட்டியாச்சு என்றுதான் அதுவும் சொன்னது. மூன்றாம் நாள் தெருவே வந்து துக்கம் விசாரித்தது.

நீதான் சொன்னாயா என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. அன்றிலிருந்து போனைக் கவிழ்த்து வைத்தான், அவ்வளவுதான்.

கை கழுவிவிட்டு வந்தான். கண் கலங்கியிருந்தது.

“சிவப்பாவே அனுப்பு. ஏன்னு எழுதி அனுப்பு.”

போனை நிமிர்த்தி அவள் பக்கம் நகர்த்தினான்.

“நாலு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்குன்னு இதுலயே பாத்துக்க.”