வெள்ளிக்கிழமை வாஃபிள்

திங்கட்கிழமை காலை. பெர்கன் நகரத்து மழை ஆய்வக ஜன்னலில் வழிகிறது. ஃப்ரீசருக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் சுன்னிவா மண்டியிட்டு ஒரு சிறு குழாயைச் சாய்க்கிறாள். உறைந்து கல்லாய் இருக்க வேண்டிய இரத்தம் அசைகிறது. அடுத்ததும் அசைகிறது. குழந்தை இறந்தே பிறந்த அன்று, ஏன் என்று தெரிந்தால் போதும் என்று தாய்மார்கள் கை நீட்டிக் கொடுத்த இரத்தம். இன்னொரு முறை எடுக்க முடியாது. ஃப்ரீசரின் பிளக் தரையில் கிடக்கிறது. அதன் இடத்தில், வெள்ளிக்கிழமைதோறும் எல்லோருக்கும் வாஃபிள் என்ற கட்டம் போட்ட அப்பம் சுடும் மின்சார இரும்பு அச்சு, விளிம்பில் காய்ந்த மாவோடு மாட்டியிருக்கிறது. “அலாரம் கத்தலையா, ஐவின்?” வாஃபிள் சுட்டவன் நனைந்த கோட்டோடு வாசலிலேயே நிற்கிறான். “கத்துச்சு. கதவத் தொறந்தாலே கத்துற சனியன்தானேன்னு அமுக்கிட்டேன்.” “பிளக்க திருப்பி மாட்டத் தெரியாதா?” “மாட்டப் போனேன். நீதான் ஜாம் எங்கடான்னு கூப்பிட்ட.” கூப்பிட்டாள்தான். குழாய்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைத்து, கதவைச் சாத்தி, பிளக்கை மாட்டுகிறாள். “இனிமே மாட்டி என்ன ஆவப்போவுது, சுன்னிவா?” மோட்டார் உறுமுகிறது. உருகிக் கெட்டுப்போன இரத்தம் நாளைக்குள் மறுபடி கல்லாகிவிடும், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. குழந்தைகள் ஏன் செத்தன என்று மட்டும் அது இனி யாருக்கும் சொல்லாது.